ரூட் கேனால் செய்த பல்லில் மறுபடி சீழ்: ரீ-ட்ரீட்மென்ட்டா, பிடுங்குவதா?

ரூட் கேனால் பண்ணியாச்சு, கேப் போட்டாச்சு, பில்லும் கட்டியாச்சு. இரண்டு வருஷம் கழித்து அதே பல்லுக்கு மேலே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். அழுத்தினால் லேசாகச் சீழ் வருகிறது. நாலு நாளில் தானாக அமுங்கிவிடுகிறது, அடுத்த மாதம் திரும்ப வருகிறது. பெரிதாக வலி இல்லை. ஒரு கிளினிக்கில் "இன்னொரு தடவை ரூட் கேனால் பண்ணிப் பார்க்கலாம்" என்கிறார்கள். அடுத்த கிளினிக்கில் "இந்தப் பல்லை நம்பி இனி காசு போடாதீங்க சார், எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுக்கலாம்" என்கிறார்கள். வீட்டில் அம்மாவோ, "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்டா" என்கிறார்.

மூன்றாவதை உடனே ஒதுக்கிவிடலாம். பல்லை எடுப்பதால் பார்வை போகாது. முதல் இரண்டை அப்படித் தள்ள முடியாது, இரண்டுமே சரியான ஆலோசனையாக இருக்கலாம். எது சரி என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது: முதல் சிகிச்சை ஏன் தோற்றது? கேப்புக்கு அடியில் எவ்வளவு நல்ல பல் மிச்சம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்தப் பக்கம் பணம் கட்டினாலும் அது குருட்டாம்போக்குதான்.

நரம்பே இல்லாத பல்லில் எப்படி இன்ஃபெக்ஷன்?

ரூட் கேனால் சிகிச்சையில் பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பகுதியை எடுத்துவிடுகிறார்கள். பிறகு வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைக்கிறார்கள். அந்தப் பொருளின் பெயர் கட்டா பெர்ச்சா. தென்கிழக்கு ஆசியக் காட்டு மரம் ஒன்றின் பாலில் இருந்து வருவது. 1850களில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கேபிள்களுக்கு உறையாக இருந்ததும் இதேதான்.

பல்லுக்குள் நரம்பு இல்லாததால் அங்கே வலி தெரியாது. ஆனால், பல்லைச் சுற்றியுள்ள எலும்புக்கும் ஈறுக்கும் உயிர் இருக்கிறது. வேர்க்குழாய்க்குள் தங்கிய பாக்டீரியா, வேரின் நுனி வழியாக எலும்பைத் தொந்தரவு செய்கிறது. உடல் அதை எதிர்த்துப் போராடும் இடத்தில் எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக வட்டம் தெரிவது அதனால்தான். அங்கே சேரும் சீழ் வெளியே வர ஒரு வழி கண்டுபிடித்தால் அதுதான் ஈறில் வரும் கொப்புளம். சீழ் வடிந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் ஏறுவதில்லை, வலியும் வருவதில்லை. 'வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இந்த வலியின்மைதான்.

எல்லாவற்றுக்கும் மூலம் பாக்டீரியாதான் என்பதை 1965இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு தெளிவாகக் காட்டியது. பற்களைத் துளைத்து உள்பகுதியை வாய்க்குள் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கள் அழுகின. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கள் தாமாகவே ஆறின. ஆக, ரூட் கேனால் தோற்றது என்றால் பாக்டீரியா உள்ளேயே தங்கிவிட்டது, அல்லது வெளியில் இருந்து திரும்ப நுழைந்துவிட்டது.

தங்கிவிடுவதற்கான பிரபலமான காரணம், கண்ணில் படாமல் போன குழாய். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். மூன்று குழாய்கள்தான் இருக்கும் என்று நினைத்தால் தப்பு. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பல்லில் நான்காவதாக ஒரு நூலிழைக் குழாய் இருக்கிறது. மைக்ராஸ்கோப் இல்லாமல் அதைப் பிடிப்பது கஷ்டம். அடைப்பு வேரின் நுனிவரை போகாமல் பாதியிலேயே நின்றிருக்கலாம். உள்ளே சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைல் உடைந்து வழியை மறித்திருக்கலாம். சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டாமல், எச்சில் உள்ளே இறங்கியிருக்கலாம்.

திரும்ப நுழைவதற்கான வழி பெரும்பாலும் மேலே இருக்கிறது. ரூட் கேனால் முடிந்ததும் 'வலி போயிடுச்சு' என்று கேப் போடாமல் மாதக்கணக்கில் தற்காலிக ஃபில்லிங்குடன் அலைபவர்கள் ஏராளம். கேப்பின் ஓரத்தில் இடைவெளி விழுந்தாலோ, அதன் அடியில் சொத்தை பிடித்தாலோ இதே கதைதான். 1995இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். உள்ளே அடைப்பும், மேலே ஃபில்லிங் அல்லது கேப்பும் நன்றாக இருந்த பற்களில் 91.4 சதவீதத்தில் வேர் நுனி ஆரோக்கியமாக இருந்தது. இரண்டும் மோசமாக இருந்தவற்றில் அது 18.1 சதவீதம்தான்.

கறுப்பு வட்டம் தெரிந்தாலே தோல்வியா?

இல்லை. எலும்பு ஆற நேரம் எடுக்கும். ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, சிகிச்சை முடிந்து ஒரு வருடத்திலாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வட்டம் முழுசாக மறையாவிட்டால் நான்கு வருடம் வரைகூடக் கண்காணிக்கலாம். வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, வலி, வீக்கம், கொப்புளம் எதுவும் இல்லை என்றால் பல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதத்தில் எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்துப் பல்லைப் பிடுங்கச் சொன்னால், பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம். முதல் சிகிச்சையின்போது எடுத்த எக்ஸ்ரேயை அந்தக் கிளினிக்கில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது இதற்குத்தான். மொபைலில் ஒரு போட்டோ போதும்.

ஆனால் திரும்பத் திரும்பச் சீழ்க் கொப்புளம் வருவது, கடித்தால் வலிப்பது, வட்டம் பெரிதாவது, இதெல்லாம் காத்திருக்கிற விஷயம் கிடையாது.

மெடிக்கல் ஷாப் மாத்திரை ஏன் சரிப்படாது?

கொப்புளம் வந்ததும் பலர் செய்வது, மெடிக்கலில் 'பல் வலிக்கு ஆன்டிபயாடிக்' என்று கேட்டு ஐந்து நாள் சாப்பிடுவது. வீக்கம் குறையும். பிறகு திரும்ப வரும். காரணம் எளிமையானது. மாத்திரை ரத்தம் வழியாகத்தான் பயணிக்கிறது. ரூட் கேனால் செய்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. பாக்டீரியா பதுங்கியிருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுவார், அது வேறு. அப்போதும் அது அவசரத்துக்கான துணை மட்டுமே. மூல இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை பாக்கி இருக்கும்.

முதல் சிகிச்சை மோசமாக இருந்தால், அது நல்ல செய்தி

பலருக்கு இது குழப்பமாக இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் "இங்க பாருங்க மேடம், அடைப்பு பாதியிலேயே நிக்குது, ஒரு கேனாலைத் தொடவே இல்ல" என்று சொன்னால் கோபம் வரும். பழைய டாக்டரைத் திட்டத் தோன்றும். ஆனால், பல்லைக் காப்பாற்றுவது என்ற கோணத்தில் பார்த்தால் இதைவிட நல்ல நிலைமை கிடையாது. என்ன தப்பு என்று தெரிகிறது, அதைத் திருத்தவும் முடியும். விட்டுப்போன குழாயைத் திறந்து, சுத்தம் செய்து, நுனிவரை அடைத்தால் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலைமைதான் சிக்கல். எக்ஸ்ரேயில் எல்லாமே பாடப்புத்தகம் போல இருக்கிறது. எல்லாக் குழாயும் நுனிவரை அடைபட்டிருக்கிறது, கேப்பும் கச்சிதம். ஆனாலும் சீழ் வருகிறது என்றால், அதே வேலையைத் திரும்பச் செய்து என்ன மாறப்போகிறது என்ற கேள்வி எழும். பிரச்சினை வேருக்கு வெளியே இருக்கலாம், நுனியின் கிளைக் குழாய்களில் இருக்கலாம், அல்லது வேரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். இப்படிப்பட்ட பல்லுக்கு 'இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், இந்த முறை என்ன வித்தியாசமாகச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு இடத்தில் கருத்துக் கேட்பது நல்லது.

சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம். மூன்று வேர்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேனில் விட்டுப்போன குழாய், எலும்புக் கரைவின் உண்மையான அளவு எல்லாம் தெரியும். ரீ-ட்ரீட்மென்ட்டுக்கு முன் இந்தச் செலவு வீண் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அதையும் முழுசாக நம்ப முடியாது. உலோக கேப்பும் உள்ளே உள்ள அடைப்பும் படத்தில் கோடு கோடாக நிழல் போடும். மெல்லிய விரிசல் அதில் தப்பிவிடும்.

விரிசல் இருந்தால் கதை முடிந்தது

வேர் செங்குத்தாகப் பிளந்திருந்தால் ரீ-ட்ரீட்மென்ட்டால் பயன் இல்லை. விரிசலே பாக்டீரியாவுக்கு நிரந்தரப் பாதை. அதை ஒட்டவைக்க நம்பகமான வழி கிடையாது. ஒரே ஒரு வேர் மட்டும் பிளந்திருக்கும் கடைவாய்ப் பல்லில் அந்த வேரை மட்டும் வெட்டி எடுக்கும் வழி அபூர்வமாக உண்டு. மற்றபடி எடுப்பதுதான். டாக்டர் மெல்லிய அளவுகோல் கம்பியால் ஈறைச் சுற்றிப் பார்க்கும்போது, மற்ற இடத்தில் எல்லாம் 2, 3 மில்லிமீட்டரில் நின்று, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குபுக்கென்று ஆழமாக இறங்கினால் விரிசலைச் சந்தேகிப்பார்கள். எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் தொடங்கி ஒரு பக்கமாக ஏறும் கொக்கி போன்ற நிழலும் ஒரு துப்பு.

அடுத்தது மிச்சமிருக்கும் பல். பழைய கேப்பைக் கழற்றி, அடியில் உள்ள சொத்தையை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு உறுதியான பல் சுவர் இருக்க வேண்டும். புது கேப் அந்தச் சுவரைத்தான் பீப்பாய் வளையம் மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. சுவர் இல்லாமல், உள்ளே கம்பி நட்டு அதன் மேல் கேப் போட்டால், கடிக்கிற பாரம் முழுக்க வேரில் இறங்கும். இன்ஃபெக்ஷன் ஆறியிருக்கும், பல் பிளந்திருக்கும். ரீ-ட்ரீட்மென்ட் வெற்றி, நோயாளிக்கு நஷ்டம் என்பது இப்படித்தான் நடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு முக்கியமான விஷயங்களும் கேப்பைக் கழற்றிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். எனவே, முழுப் பேக்கேஜுக்கும் முதல் நாளே ஒப்புக்கொள்ளாமல், "முதல்ல கேப்பை எடுத்துப் பாருங்க டாக்டர். விரிசல் இருந்தா அங்கேயே நிறுத்திடலாம். அது வரைக்கும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளலாம். இதற்குச் சம்மதிக்கும் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் சாயம் தடவிப் பார்த்துவிட்டு, விரிசலைப் போட்டோ எடுத்தே காட்டுவார்கள்.

ரீ-ட்ரீட்மென்ட் எவ்வளவு கைகொடுக்கும்?

பழைய கட்டா பெர்ச்சாவைக் கரைத்தும் சுரண்டியும் எடுக்கிறார்கள். விட்டுப்போன குழாய்களைத் தேடுகிறார்கள். வீட்டு பிளீச்சில் இருக்கும் அதே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். பல நேரம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்துச் சில வாரம் கழித்துத்தான் அடைக்கிறார்கள். முதல் முறையைவிட நேரமும் செலவும் அதிகம்.

லண்டனில் ஈஸ்ட்மன் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. முதல் முறை சிகிச்சை பெற்ற வேர்களில் 83 சதவீதமும், ரீ-ட்ரீட்மென்ட் செய்த வேர்களில் 80 சதவீதமும் முழுமையாக ஆறியிருந்தன. நான்கு வருடம் கழித்தும் வாயில் நிலைத்திருந்த பற்கள் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ 95 சதவீதம். 'இரண்டாவது தடவை எப்பவுமே தேறாது' என்ற பேச்சுக்கு இது நல்ல பதில். அதே நேரம், அது மேற்பார்வையோடு நடக்கும் சிறப்பு மருத்துவமனை. காப்பாற்ற வாய்ப்புள்ள பல் என்று முடிவானதற்குத்தான் அங்கே சிகிச்சை நடந்திருக்கும். அந்த எண்ணை எல்லாக் கிளினிக்குக்கும் எல்லாப் பல்லுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

இதனால்தான் ரீ-ட்ரீட்மென்ட்டுக்கு எண்டோடான்டிஸ்டிடம் போவது நல்லது என்கிறார்கள். பிடிஎஸ் முடித்து, வேர் சிகிச்சையில் எம்டிஎஸ் படித்தவர்கள் இவர்கள். சென்னை முத்துசாமி சாலையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கென்றே தனித் துறை உண்டு. அங்கே நேரம் அதிகம் பிடிக்கும், நாலைந்து முறை போக வேண்டியிருக்கும். செலவு தனியார் கிளினிக்கைவிட மிகக் குறைவு. ஐடி வேலையில் லீவு கிடைக்காதவர்களுக்கு இதுவும் ஒரு கணக்குத்தான். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாக இந்தச் சிகிச்சைக்குப் பணம் தராது என்பதால், பாலிசியை நம்பித் திட்டம் போடும் முன் விதிமுறையைப் படித்துவிடுவது நல்லது.

மூன்றாவதாக ஒரு வழி

எக்ஸ்ரே கச்சிதமாக இருந்தும் ஆறாத பல்லுக்கு, அல்லது கழற்றினால் வேரே உடையும் அளவுக்குத் தடியான கம்பி உள்ளே இருக்கும் பல்லுக்கு, மேலே திறக்காமல் ஈறு வழியாகப் போய் வேரின் நுனியை மட்டும் வெட்டி எடுத்து, அங்கிருந்து அடைக்கலாம். பெயர் ஏபிகோஎக்டமி. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிற சின்ன ஆபரேஷன். பழைய முறையில் இதன் வெற்றி சுமார். மைக்ராஸ்கோப்பும் நவீன அடைப்புப் பொருட்களும் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வந்த ஒரு அலசலில், பழைய முறைக்கு 59 சதவீதம், மைக்ராஸ்கோப் முறைக்கு 94 சதவீதம் வெற்றி என்று கணக்கிட்டார்கள். பல கிளினிக்குகளில் இந்த வழியைச் சொல்வதே இல்லை, அங்கே செய்பவர் இல்லை என்பதால். எனவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிடுங்குவது எப்போது சரி?

விரிசல், பிடிமானத்துக்குப் பல் சுவர் இல்லாத நிலை, ஈறு நோயால் எலும்பு இறங்கிப் பல் ஆடுவது. இவற்றில் எது இருந்தாலும் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். இல்லாத நம்பிக்கைக்குப் பணம் கட்டுவதைவிட, அதே பணத்தை மாற்றுப் பல்லுக்கு வைத்துக்கொள்ளலாம். தாமதித்தால் சுற்றியுள்ள எலும்பும் கரைந்து, பின்னாளில் இம்ப்ளான்ட் வைக்கவே இடம் இல்லாமல் போகலாம்.

ஆனால் பிடுங்குவதன் பில் அன்றோடு முடிவதில்லை. 'எடுத்துட்டா செலவு மிச்சம்' என்பது பாதி உண்மை. இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிரிட்ஜ் போட்டால், சொத்தையே இல்லாத இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும். இம்ப்ளான்ட்டுக்கு எலும்பில் ஸ்குரூ பிடித்து நிற்கப் பொதுவாகச் சில மாதம் காத்திருக்க வேண்டும். அதைச் சுற்றியும் இன்ஃபெக்ஷன் வரும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். எனவே ரீ-ட்ரீட்மென்ட்டோடு புது கேப் ஒரு தட்டில், பிடுங்குவதோடு இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ் இன்னொரு தட்டில் என்று வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். பல கொட்டேஷன்களில் ரீ-ட்ரீட்மென்ட் தொகையில் புது கேப் சேர்ந்திருக்காது. அதையும் கேட்டுவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரச்சினை வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல்லில் என்றால், எடுத்துவிட்டு இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். மெல்ல மற்ற பற்கள் போதுமானதாக இருந்தால் அதில் தப்பில்லை. எல்லா ஓட்டைக்கும் இம்ப்ளான்ட் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பனேட், டெனோசுமாப் வகை மருந்து எடுப்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. முடிந்தவரை பல்லைக் காப்பாற்றும் பக்கமே தராசு சாயும். வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 'எலும்பு ஊசி' போட்டுக்கொள்கிறார் என்றால் இது அவர்களுக்கான தகவல்.

'ரூட் கேனாலால் கேன்சர்' ஃபார்வர்டு

இந்த முடிவை எடுக்கும் நேரத்தில்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ வரும். ரூட் கேனால் செய்த 'செத்த பல்' உடம்பெல்லாம் விஷம் பரப்புகிறது, உடனே பிடுங்குங்கள் என்று சொல்லும். இது நூறு வருஷப் பழைய கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நம்பிக்கையை வைத்து மேற்கத்திய நாடுகளில் ஏராளமானோருக்குப் பற்களைப் பிடுங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. இதே வாதத்தோடு வந்த 'ரூட் காஸ்' என்ற ஆவணப்படம் 2019 தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் ஓடியது. அமெரிக்கப் பல் மருத்துவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்த சில வாரங்களில் அது நீக்கப்பட்டது. சீழ் வரும் பல்லைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பது சரி. நல்லபடியாக ஆறிய ரூட் கேனால் பல்லைப் பயந்து பிடுங்குவது வீண் இழப்பு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

ரீ-ட்ரீட்மென்ட்டா, பிடுங்குவதா என்று யோசிக்கச் சில வாரம் எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கிப் பரவினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் காலை கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 108ஐ அழைக்க வேண்டும். கீழ்த்தாடைப் பல்லில் தொடங்கும் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.